ரூல் நம்பரைக் காட்டினால் விளக்கம் ஆகிவிடுமா? மைசின் முதல் இன்றைய மருந்து அலர்ட் வரை

கூவம்கரை | திங்கள், இரவு 9.40

வணக்கம். மருத்துவமனைகளுக்கான மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கிறேன். டாக்டர் மருந்துச் சீட்டைக் கணினியில் ஏற்றும்போது, ஒன்றோடொன்று சேரக் கூடாத மருந்துகள் இருந்தால் எச்சரிக்கும் பகுதி என் பொறுப்பு. உள்ளே ஓடுவது சாதாரண ரூல் இன்ஜின்தான். "இது இருந்து, அதுவும் இருந்தால், இதைச் சொல்" என்ற விதிகள்.

ஒரு உதாரணம். நோயாளி ஏற்கெனவே இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். இப்போது புதிதாக மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதுகிறார்கள். திரையில் வருவது இதுதான்:

"விதி 212 பொருந்தியது. வார்ஃபரின்: ஆம். மெட்ரோனிடசோல்: ஆம். தீவிரம்: அதிகம்."

கீழே "ஏன்?" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் விதி 212-இன் முழு வாசகமும் வரும். புதிதாக வருகிற டாக்டர்கள் அதை ஓரிரு முறை அழுத்திப் பார்க்கிறார்கள், அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. அலர்ட்டை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது மேலிடத்தில், "சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி ஒன்றைச் சேர்த்து நல்ல தமிழில், நல்ல ஆங்கிலத்தில் விளக்கம் எழுத வைத்துவிடலாமே" என்கிறார்கள். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. வல்லுநர் அமைப்புகள் (ஒரு துறை நிபுணரின் அறிவை விதிகளாக எழுதி வைத்த நிரல்கள்) கொடிகட்டிப் பறந்த காலத்தில் இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாண்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநை | திங்கள், இரவு 11.05

உங்கள் "ஏன்?" பொத்தானுக்கு ஐம்பது வயது ஆகிறது. 1970-களின் முதல் பாதியில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் தன் முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கிய மைசினில்தான் அது பேர் வாங்கியது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மைசின் செய்த வேலை: இரத்தத்தில் பாக்டீரியா தொற்று உள்ள நோயாளிக்கு எந்தக் கிருமி காரணமாக இருக்கும், எந்த ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம் என்று சொல்வது. பிறகு மூளை உறைக் காய்ச்சலையும் சேர்த்தார்கள். லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது, சில நூறு விதிகள் கொண்டது. ஒரு விதி ஏறத்தாழ இப்படி இருக்கும்: தொற்று இரத்தத்திலேயே தொடங்கிய வகை; மாதிரி எடுத்த இடம் இயல்பாகக் கிருமியே இருக்கக் கூடாத இடம்; கிருமி குடல் வழியாக நுழைந்ததாகச் சந்தேகம். இந்த மூன்றும் சேர்ந்தால் அது பாக்டீராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்பதற்கு 0.7 அளவுக்குச் சான்று உண்டு. அந்த எண் −1 முதல் +1 வரை போகும் உறுதி அளவு.

மைசின் முடிவிலிருந்து பின்னோக்கிப் போகும். "இது பாக்டீராய்ட்ஸா?" என்பதில் தொடங்கி, அதற்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று பார்த்து, தெரியாததை டாக்டரிடம் கேட்கும். கிருமி எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று கேட்கும்போது டாக்டர் பதில் சொல்லாமல் "ஏன்" என்று தட்டலாம். "நான் இப்போது கிருமியின் அடையாளத்தைத் தேடுகிறேன். முதல் இரண்டு நிபந்தனைகள் ஏற்கெனவே உறுதியாகிவிட்டன. நீங்கள் சொல்லப்போவது மூன்றாவது" என்ற பாணியில் விதியோடு பதில் வரும். மறுபடியும் "ஏன்" என்றால் ஒரு படி மேலே போய், அந்த அடையாளம் எதற்குத் தேவை என்று சொல்லும். "எப்படி" என்று கேட்டால் கீழ்நோக்கி இறங்கி, ஒரு முடிவுக்கு எந்த விதிகள் வழியாக வந்தது என்று காட்டும்.

இதைவிட எனக்கு வியப்பு தருவது இன்னொன்று. ஆலோசனை முடிந்தபின், "இந்தக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம் என்று ஏன் யோசிக்கவில்லை?" என்றும் கேட்கலாம். அதற்கு உதவியிருக்கக்கூடிய விதி எது என்று எடுத்துக் காட்டி, "இதன் இரண்டாவது நிபந்தனை கிருமி உருண்டை வடிவில் இருக்க வேண்டும் என்பது. அது பொய் என்று முன்பே தெரிந்துவிட்டதால் விதியை முயலவே இல்லை" என்று சொல்லும். "ஏன் அது, ஏன் இது இல்லை" என்று மனிதர்கள் கேட்கும் விதத்திலேயே பதில்.

இங்கே கவனிக்க வேண்டியது, விளக்கம் என்று தனியாக யாரும் கதை எழுதி வைக்கவில்லை. முடிவெடுத்த அதே விதிகளும் அதே தடமும்தான் விளக்கமாக வந்தன. முதலில் இருந்த வடிவத்தில் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதி மட்டும் விதிகளாக இல்லாமல் நேரடி நிரலாக இருந்தது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் மைசினால் சரிவர விளக்க முடியவில்லை. அதற்காகவே பின்னால் வில்லியம் கிளான்சி அந்தப் பகுதியைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

நிகழ்தகவு | செவ்வாய், காலை 7.15

அருமையான பதிவு. ஒரு கேள்வி. விளக்கம் இவ்வளவு நன்றாக இருந்தும் மைசினை எந்த வார்டிலும் அன்றாட வேலைக்கு வைக்கவில்லையே? அதன் முடிவுகள் தரமில்லையா?

பொருநை | செவ்வாய், காலை 8.30

தரத்தில் குறை இல்லை. 1979-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த சோதனையில் மூளை உறைக் காய்ச்சல் நோயாளிகள் 10 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டு, மைசின் சொன்ன சிகிச்சையையும் ஸ்டான்ஃபோர்டு டாக்டர்கள் சொன்ன சிகிச்சைகளையும், எது யாருடையது என்று தெரியாமல் வெளி நிபுணர்கள் 8 பேர் மதிப்பிட்டார்கள். மைசினுடையதை 65 சதவீதம் ஏற்கத்தக்கது என்றார்கள். ஆசிரிய டாக்டர்களில் யாரும் அதைத் தாண்டவில்லை. பயன்பாட்டுக்கு வராததற்கு, அன்றைக்கு ஒரு ஆலோசனைக்கு நெடுநேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியிருந்ததும், மருத்துவமனைப் பதிவேடுகளோடு இணைப்பே இல்லாததும் பெரிய காரணங்கள். விளக்கத்தின் மேல் பழி போட முடியாது. 1981-இல் டீச்சும் ஷார்ட்லிஃபும் டாக்டர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், இப்படிப்பட்ட அமைப்புகளிடம் எதிர்பார்ப்பது என்ன என்ற பட்டியலில் முடிவை விளக்கும் திறன்தான் உச்சியில் வந்தது.

கூவம்கரை | செவ்வாய், காலை 10.20

அப்படியானால் நாங்கள் செய்வதும் அதேதானே? நாங்களும் முடிவெடுத்த விதியைத்தானே காட்டுகிறோம்? பிறகு ஏன் யாருக்கும் அது போதவில்லை?

பொருநை | செவ்வாய், மாலை 6.50

இந்த இடத்தில்தான் கிளான்சி மறுபடி வருகிறார். மைசினின் விதிகளை வைத்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்த முடியுமா என்று பார்த்தார். கைடன் என்று அதற்குப் பெயர். பாடம் நடத்தப் போனபோதுதான் அந்த விதிகளில் என்னவெல்லாம் இல்லை என்று தெரிந்தது. 1983-இல் அதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார்.

அவர் எடுத்த உதாரணம் எளிமையானது. மைசினில் ஒரு விதி: நோயாளியின் வயது எட்டுக்குக் கீழே என்றால் டெட்ராசைக்ளின் கொடுக்காதே. சரி, "ஏன்" என்று கேளுங்கள். வயது எட்டுக்குக் கீழே, அதனால் கொடுக்கவில்லை என்று வரும். அது பொய்யில்லை, ஆனால் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையான காரணம் வேறு: வளரும் எலும்பிலும் பல்லிலும் அந்த மருந்து போய்ப் படிகிறது, பற்கள் நிரந்தரமாகக் கறைபடும், அது வேண்டாத மாற்றம். இந்தச் சங்கிலி முழுவதும் விதியை எழுதியவர் தலையில் இருந்தது. விதிக்குள் வந்தது இரண்டு முனைகள் மட்டும். காரணம் தெரிந்த டாக்டர், உயிருக்கு ஆபத்தான தொற்று, வேறு மருந்தே இல்லை என்றால் பல் கறையைப் பொறுத்துக்கொண்டு கொடுக்கலாம் என்று முடிவெடுப்பார். விதி மட்டும் தெரிந்தவருக்கு அந்த வழி தெரியாது.

இன்னொரு விதி இதைவிட நுட்பமானது. நோயாளி 17 வயதைத் தாண்டியவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் இன்னின்ன கிருமிகளுக்கு வாய்ப்பு என்று போகும். வயது நிபந்தனை ஏன் முதலில் நிற்கிறது? சின்னக் குழந்தையைப் பற்றி "இந்த நோயாளி குடிகாரரா?" என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது என்ற உத்தி அங்கே மருத்துவ நிபந்தனை போல வேடம் போட்டு நிற்கிறது. மைசினிடம் கேட்டால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத்தான் காட்டும், அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஆக, "என்ன நடந்தது" என்பதை மைசின் நேர்மையாகச் சொன்னது. "அது ஏன் சரி" என்பது அதனிடம் இல்லவே இல்லை. உங்கள் விதி 212-க்கும் இதே கதிதான்.

எம்ஐடியில் வில்லியம் ஸ்வார்ட்அவுட் இதற்கு ஒரு வழி கண்டார். இதய நோயாளிகளுக்கு டிஜிட்டாலிஸ் மருந்தின் அளவைக் கணிக்கும் ஆலோசகர் நிரல் ஒன்று அங்கே இருந்தது. அவருடைய எக்ஸ்ப்ளெயின் அமைப்பு, "இதயம் இப்படி இயங்கும்" என்ற அறிவையும் "மருந்தின் அளவை இப்படி முடிவு செய்" என்ற கொள்கையையும் தனித்தனியாக வைத்து, அவற்றிலிருந்து நிரலையே தானாக உருவாக்கியது. உருவாக்கிய வழியைப் பதிவாகவும் வைத்துக்கொண்டது. அதனால் கால்சிய அளவை ஏன் கேட்கிறாய் என்றால், கால்சியம் கூடினால் இதயத்தின் தானியக்கம் (தானாகவே துடிப்பை எழுப்பும் தன்மை) கூடும், அது ஆபத்தான துடிப்புக் கோளாறில் முடியலாம், அப்படியிருந்தால் மருந்தைக் குறைப்பேன் என்று காரணத்தோடு பதில் வந்தது.

வெள்ளைக்கோட்டு | செவ்வாய், இரவு 10.10

ஒரு டாக்டராகச் சொல்கிறேன். கூவம்கரை, உங்கள் அலர்ட்டை மூடுகிறவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. வார்டில் ஒரு ரவுண்டுக்குள் எத்தனை எச்சரிக்கை வருகிறது என்று ஒருநாள் கூடவே வந்து பாருங்கள். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை புறக்கணிக்கப்படுகின்றன என்று 2006-இலேயே ஒரு ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

வார்ஃபரினும் மெட்ரோனிடசோலும் சேர்ந்தால் ஆபத்து என்பது எனக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்வது விளக்கம் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் வேண்டியது: இந்த நோயாளியின் கடைசி ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு; கூடினால் இரத்தக் கசிவு ஆபத்து) என்ன, எந்தத் தேதியில் எடுத்தது? 2.1-ஆ, 3.4-ஆ? இரண்டுக்கும் நான் எடுக்கும் முடிவு வேறு. அடுத்தது, மெட்ரோனிடசோல் வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுப்பதால் வார்ஃபரின் உடலில் தேங்குகிறது என்ற ஒரு வரி. இது ஏன் வேண்டும் என்றால், அதைப் பார்த்தவுடன் "அப்படியானால் விளைவு தெரிய சில நாள் ஆகும், நாளைக்கு ஐஎன்ஆர் எடுத்துப் பிரயோஜனமில்லை, மூன்று முதல் ஐந்து நாளுக்குள் எடுக்க வேண்டும்" என்று என்னால் யோசிக்க முடியும். காரணம் கையில் இருந்தால் மிச்சத்தை நானே போட்டுக்கொள்வேன்.

பயிற்சி டாக்டருக்கு இதுவே போதாது, இன்னும் இரண்டு படி கீழே போக வேண்டும். அதற்கு வேண்டுமானால் பொத்தான் வையுங்கள். முதல் திரையில் வேண்டாம்.

பனங்காடு | புதன், காலை 6.30

நான் யாழ்ப்பாணத்தில் மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களுக்கும் இதே மாதிரி எச்சரிக்கை வரும். ஆனால் எனக்கு வேண்டிய விளக்கம் டாக்டருக்கு வேண்டியது அல்ல. நான் நோயாளியோடு கதைக்க வேண்டும். "இந்த மருந்து எடுக்கும் நாட்களில் பல் தீட்டும்போது இரத்தம் வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே வாங்கோ" என்று சொல்ல வேண்டும். யாருக்கு விளக்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கோ. ஒரே விதிக்கு மூன்று பேர் மூன்று விதமாகக் கேள்வி கேட்பார்கள்.

கடன்கணக்கு | புதன், காலை 11.45

மருத்துவம் இல்லாத ஒரு பக்கத்திலிருந்து. கடன் விண்ணப்பங்களை மதிப்பிடும் மென்பொருளில் வேலை செய்கிறேன், எங்கள் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே கடன் மறுத்தால் காரணம் சொல்வது சட்டப்படி கட்டாயம். 1974-இல் வந்த சமவாய்ப்புக் கடன் சட்டத்தின் கீழ் உள்ள விதிமுறை, "எங்கள் மதிப்பெண் முறையில் நீங்கள் தேறவில்லை" என்று மட்டும் சொன்னால் செல்லாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. குறிப்பிட்ட, முதன்மையான காரணங்கள் வேண்டும். பொதுவாக நான்குக்கு மேல் அடுக்க வேண்டாம் என்றும் விளக்கவுரையில் இருக்கிறது, நீளப் பட்டியல் விண்ணப்பித்தவருக்கு உதவாது என்பதால். அல்காரிதம் சிக்கலானது, எங்களுக்கே புரியவில்லை என்பதும் சாக்காகாது என்று 2022-இல் அங்கே நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு சுற்றறிக்கையே விட்டது.

உங்கள் "விதி 212 பொருந்தியது" என்பது எங்கள் ஊழியர்கள் எழுதக் கூடாத "மதிப்பெண் போதவில்லை" என்பதற்குச் சமம். விண்ணப்பித்தவர் அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது, தவறாக இருந்தால் மறுக்கவும் முடியாது. மறுப்பதற்கு இடம் தருவதுதான் விளக்கத்தின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

நிகழ்தகவு | புதன், இரவு 9.20

மொழி மாதிரி பற்றிக் கேட்டிருந்தீர்களே, அதற்கு வருகிறேன். இந்தத் துறையில் இருப்பவன் என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன்: காரணத்தை அதனிடம் கேட்காதீர்கள்.

2023-இல் டர்பின் குழு ஒரு சோதனை செய்தது. மாதிரிக்கு முன்னுதாரணமாகக் கொடுத்த கேள்விகளில் சரியான விடை எப்போதும் முதல் தெரிவாகவே வரும்படி அடுக்கினார்கள். மாதிரி புதிய கேள்விக்கும் முதல் தெரிவின் பக்கம் சாய்ந்தது. ஏன் என்று படிப்படியாக விளக்கவும் செய்தது, ஆனால் "முதல் தெரிவு என்பதால்" என்று அந்த விளக்கத்தில் வரவே இல்லை. தவறான விடைக்கும் நம்பும்படியான காரணங்களை அடுக்கியது. பொருநை சொன்ன மைசினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மைசினுக்குக் காரணம் தெரியாவிட்டாலும், நடந்ததை மாற்றிச் சொல்லத் தெரியாது.

நன்றாக எழுதிய விளக்கத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2021-இல் பன்சல் குழுவின் ஆய்வில், விளக்கத்தோடு வந்த பரிந்துரையை மக்கள் அதிகமாக ஏற்றார்கள், பரிந்துரை சரியாக இருந்தபோதும், தப்பாக இருந்தபோதும்.

படிக்க முடிகிற விதியின் அருமைக்கு ஒரு உதாரணம் சொல்லிவிட்டுப் போகிறேன். 1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கும் மாதிரிகளைச் செய்தார்கள். நரம்பு வலை (தரவிலிருந்து தானே கற்கும், உள்ளே நடப்பதைப் படிக்க முடியாத மாதிரி) தான் துல்லியத்தில் முந்தியது. ஆனால் அதே தரவிலிருந்து விதிகளைக் கற்ற இன்னொரு முறை, "ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு" என்று ஒரு விதியைத் துப்பியது. எந்த டாக்டரும் அதை ஏற்க மாட்டார். விசாரித்தால், ஆஸ்துமாக்காரர்களை நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனதால் அவர்கள் பிழைத்தார்கள், தரவில் அது குறைந்த ஆபத்தாகப் பதிவாகிவிட்டது. நரம்பு வலையும் அதையே கற்றிருக்கும், வெளியே தெரிந்திருக்காது. அதனால் அதை நோயாளிகளிடம் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஆராய்ச்சியில் இருந்த ரிச் கருவானா பின்னாளில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பொருநை | வியாழன், காலை 7.40

நிகழ்தகவு சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1995-இல் யே, ஜான்சன் இருவரும் கணக்குத் தணிக்கையாளர்களை வைத்து மூன்று வகை விளக்கங்களைச் சோதித்தார்கள்: எந்த விதிகள் ஓடின என்ற தடம், விதி ஏன் சரி என்ற நியாயம், எந்த உத்தியில் தேடியது என்ற திட்டம். முடிவை ஏற்கச் செய்வதில் நியாயம்தான் முன்னால் நின்றது. வெள்ளைக்கோட்டு தன் அனுபவத்தில் கேட்டதும் அதுவே.

ஆனால் தடத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு விதி தவறாக ஓடும் நாளில் உங்கள் குழுவுக்கு அதுதான் வேண்டும்.

கூவம்கரை | வியாழன், இரவு 8.55

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மொழி மாதிரி யோசனைக்கு வேண்டாம் என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்துவிட்டேன். விதி 212-க்குப் புதிய வாசகம் கீழே. பார்த்துச் சொல்லுங்கள்.

"வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோல். கடைசி ஐஎன்ஆர் 2.8, ஆறு நாள் முன்பு. மெட்ரோனிடசோல் வார்ஃபரின் சிதைவதைத் தடுக்கும்; சில நாளில் ஐஎன்ஆர் ஏறி இரத்தக் கசிவு வரலாம். வேறு மருந்து முடியுமா பாருங்கள். தொடர்ந்தால் வார்ஃபரின் அளவைக் குறைப்பது பற்றி முடிவு செய்து, 3–5 நாளில் ஐஎன்ஆர் எடுக்கவும்."

ஐஎன்ஆர் ஆய்வகப் பதிவிலிருந்து நேராக வரும். காரண வரியை எங்கள் மருந்தியல் ஆலோசகர் எழுதிக் கையெழுத்திடுவார். பனங்காடு சொன்னபடி நோயாளிக்கான வரி மருந்தகத் திரையில் தனியாக வரும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். மற்ற விதிகளுக்கும் இப்படிக் காரணம் எழுதலாம் என்று உட்கார்ந்தால், பழைய விதிகள் பலவற்றுக்கு யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று எந்தக் குறிப்பும் இல்லை. அவற்றை என்ன செய்வது?

பொருநை | வியாழன், இரவு 10.30

காரணம் கிடைக்காத விதிக்குக் காரணம் புனையாதீர்கள். "மூலம் பதிவில் இல்லை" என்றே திரையில் போடுங்கள். இனி எழுதும் ஒவ்வொரு விதிக்கும் மூன்று கட்டாயப் புலங்கள் வையுங்கள்: காரணம், எழுதியவர், எந்த நிலையில் இந்த விதியை மீறலாம். மூன்றாவது புலத்தை நிரப்ப முடியவில்லை என்றால் எழுதியவருக்கே காரணம் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். டெட்ராசைக்ளின் விதியில் இல்லாமல் போனது அதுதான்.

வெள்ளைக்கோட்டு | வியாழன், இரவு 11.15

வாசகம் நன்றாக இருக்கிறது. ஒரே திருத்தம்: "ஆறு நாள் முன்பு" என்பதைத் தேதியாகவும் போடுங்கள், கேஸ் ஷீட்டோடு ஒப்பிட வசதி. ஐஎன்ஆர் எடுக்கவே இல்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடாமல் "ஐஎன்ஆர் பதிவு இல்லை" என்று வர வேண்டும்.

மூலம் இல்லாத விதிகளை உடனே நீக்கிவிட வேண்டாம். திரையை மறித்து நிற்கும் அலர்ட்டாக மட்டும் காட்டாதீர்கள், ஓரத்தில் குறிப்பாக வரட்டும், மருந்தியல் ஆலோசகர் ஒவ்வொன்றாகப் பார்த்து மேலே ஏற்றட்டும். அடுத்ததாக ஸ்பைரோனோலாக்டோனும் எனலாப்ரிலும் சேரும் விதியை இங்கே போடுங்கள். இரண்டுமே இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். அதில் பொட்டாசியத்தை மட்டும் காட்டினால் போதாது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பக்கத்திலேயே வேண்டும். சிறுநீரகம் சோர்ந்த நோயாளிக்குத்தான் அந்தக் கூட்டணி விபரீதமாகப் போகும்.